கைக்கு லேசான ரம்பம்

வாசலில் நிற்கும் புங்கமரத்தை வெட்டிவிடுவது என்று நான் முடிவெடுத்தபோது என் மனைவி ஜுபைதாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அது முடிவு அல்ல, விண்ணப்பம். என் விண்ணப்பங்களின் கதி எனக்குத் தெரியும்.

என் பெயர் அய்யூப். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை மெத்தை உயரத்துக்கு அடுக்கிப்போட்டு, கரண்ட் கத்தியால் ஒரே போக்கில் வெட்டுகிறவன். என் கத்தி வளைந்த இடத்தில்தான் வெளிநாட்டுக்காரன் கையை நுழைக்கிறான். கத்தி ஓடும்போது ஓனரே வந்தாலும் ஓரமாகத்தான் நிற்பார். வீட்டில் நான் ஓரமாக நிற்கிறேன். கத்தி எதுவும் ஓடாவிட்டாலும்.

காரணம் அந்த மரம். அதன் நிழலில் ஜுபைதா ஒரு சபை நடத்துகிறாள். சபைக்குப் பெயர் டிரிம்மிங். தைத்து முடிந்த டீ சர்ட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் தொங்குகிற நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக் கொடுக்க வேண்டும். தெருப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பொழுது சாய்கிற வரைக்கும் பிசிறு வெட்டுவார்கள். கூடவே அவரவர் கணவன்மார்களையும் வெட்டுவார்கள். எவனிடம் எந்தப் பிசிறு தொங்குகிறது என்பது அந்த மரத்தடிக்குத் தெரியாமல் இருக்காது. நான் வேலை முடிந்து வண்டியை உள்ளே தள்ளும்போது பேச்சு நின்றுபோகும். அப்படி நிற்கிற பேச்சு யாரைப் பற்றியது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் நான் கார் வாங்கினேன்.

யாரோ ஓட்டிச் சலித்த கார்தான். ஆனால் வெள்ளை. தெரு குறுகல், வெளியே நிறுத்த வழியில்லை. மரத்தை ஒட்டித்தான் நிறுத்தினேன். மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளைக் காரைக் காணோம். பிரிண்டிங் யூனிட்டில் விட்டு எடுத்த மாதிரி பூப்போட்ட கார் ஒன்று நின்றது. பூ பாதி புங்கமரம் போட்டது. மீதி, மரத்தில் குடியிருந்த காக்கைகள் போட்டவை.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். மரம் போனால் ஷெட் வரும். ஷெட் வந்தால் சபை கலையும். ஒரே வெட்டில் இரண்டு பீஸ். கட்டிங் மாஸ்டரின் புத்தி அப்படித்தான் ஓடும்.

ஜுபைதா சம்மதிக்கமாட்டாள். அந்த நிழலை நம்பித்தான் அவள் டிரிம்மிங் எடுக்கிறாள், நாலு குடும்பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள். அதனால் விஷயத்தைக் கொஞ்சம் ட்ரிம் செய்து சொன்னேன்.

"ஜுபைதா, ஒரு செயின் வாங்கலாம்னு இருக்கறேன்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். சபையும் வைத்தது.

"எனக்குங்களா?"

"மரத்துக்கு."

"மரத்துக்குச் செயினுங்களா?"

"செயின் சா. மரம் அறுக்கற ரம்பம். பேட்டரியில, பெட்ரோல்ல எல்லாம் ஓடும். நம்ம கெளை ஒண்ணு கிட்டுசாமி அண்ணன் ஊட்டுத் தகரத்துல உரசுதுல்ல, அதை எடுத்துடலாம்னு."

"ஊட்டுல ஏற்கெனவே ஒரு ரம்பம் இருக்குதுங்களே. அது பத்தாதுங்களா?"

மரத்தடி குலுங்கியது. அதிகமாகக் குலுங்கியது ரங்காத்தாள் அக்கா. பக்கத்து வீட்டுக் கிட்டுசாமி அண்ணனின் மனைவி. சபைக்கு அவர்தான் சபாநாயகர். நான் பேசினால் ரம்பம் போடுகிறேன் என்று அந்தச் சபையில் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேறியிருக்கிறது போல.

"ஆளைக் கூப்புட்டா ஒரு கெளைய வெட்டிட்டுப் போறானுங்க" என்றாள் ஜுபைதா.

"வருசா வருசம் ஆளைக் கூப்புடறதா? சொந்தமா ஒண்ணு இருந்தா நாமளே பாத்துக்கலாம். வெட்டறது எனக்கென்ன புதுசா?"

"கெளைக்கு மட்டுந்தானுங்களே?"

"கெளைக்கு மட்டுந்தான்."

அவள் என்னையே பார்த்தாள். அவள் அப்படிப் பார்க்கும்போது நான் என் செருப்பைப் பார்ப்பது வழக்கம். செருப்பில் பார்க்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

"சரிங்க. ஞாயித்துக்கெழமை போலாம். நானும் கடைக்கு வர்றேன்."

அவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததற்கு நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். வெள்ளைக்காரர்கள் பனியில் நின்று கோயில் கோபுரம் மாதிரி மரங்களைச் சாய்த்தார்கள். கையில் பெட்ரோல் மிஷின். செயின் சுற்றி ஓடுகிற வாளின் நீளம் என் தொடை வரைக்கும் இருக்கும். ஆரஞ்சு நிறம், புகை, உறுமல். அதில் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தடி வழியாக நடந்து போவது போலக் கனவுகூட வந்தது. கனவில் சபை எழுந்து நின்றது.

எத்தனை பெரிய மிஷின் வேண்டும் என்று தெரிய வேண்டுமே. ஒருநாள் விடிந்தும் விடியாமல் இஞ்ச் டேப்பை எடுத்துப்போய் அடிமரத்தைச் சுற்றி அளந்து, மறக்காமல் இருக்க அளவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மதில்மேல் ரங்காத்தாள் அக்காவின் தலை தெரிந்தது.

"என்னங்க பாய், மரத்துக்குப் பனியன் தெக்கறீங்களா?"

"இல்லீங்க அக்கா. சும்மா."

"இடுப்பளவு எடுக்கறீங்க. அதான் கேட்டேன்."

தலை மறைந்தது. நானும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த அளவு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போனோம். தோட்டத்துக்கான மோட்டார், மருந்தடிக்கிற மிஷின் எல்லாம் விற்கிற கடை. முதலாளி அருள்செல்வன், வாயெல்லாம் மரியாதை.

"வாங்க, வாங்க. எதுக்குங்க மிஷின் வேணும்?"

"இருக்கறதுலயே பெரிய பெட்ரோல் மிஷினைக் காட்டுங்க" என்றேன்.

எடுத்து மேசைமேல் வைத்தார். மேசை முனகியது. நான் தூக்கினேன். தூக்கினேன் என்பது பெருமைக்காகச் சொல்வது. ஒரு பக்கம் கிளம்பியது, வாள் இருந்த பக்கம் மேசையிலேயே தங்கிவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. கயித்தப் புடிச்சு வெடுக்குனு இழுக்கோணும்."

வெடுக்கென்று இழுத்தேன். மிஷின் பேசவில்லை. மறுபடி இழுத்தேன். என் சட்டைப் பொத்தான் தெறித்துப் போய்ப் பூச்சி மருந்து டப்பா ஒன்றில் பட்டு டிங்கென்றது. மூன்றாவது இழுப்பில் ஏதோ ஒன்று 'கடக்' என்று ஓடத் தொடங்கியது போலிருந்தது. பார்த்தால் அது என் கழுத்து. கடையில் மருந்து வாங்க வந்திருந்த தோட்டத்துக்காரர் ஒருவர் வந்த வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் மிஷின் தோட்டங்காட்டுக்காரங்களுக்குங்க" என்றார் அருள்செல்வன், எனக்கு வலிக்காத குரலில். "தெனம் அறுக்கறவங்களுக்கு. பெட்ரோல்ல ஆயில் அளவாக் கலக்கோணும். மாசக்கணக்குல சும்மா கெடந்துச்சுனா உள்ள அடைச்சுக்கும். அப்பறம் எத்தனை இழுத்தாலும் எந்திரிக்காது."

"எங்க ஊட்டுல சும்மாதானுங்க கெடக்கும்" என்றாள் ஜுபைதா. "சும்மா கெடக்கறதுக்கு வேற ஆள் இருக்குது. ஒயர்ல ஓடறது இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. வெலையும் கம்மி. ஆனா கரண்ட் போனா நின்னுக்கும். மரம் இருக்கற எடத்துக்கெல்லாம் ஒயர இழுத்துட்டுப் போகோணும். வேகத்துல அந்த ஒயரையே அறுத்துட்டவங்களும் இருக்கறாங்க."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். ஒயர் மாடல் தானாக விலகிக்கொண்டது.

அப்புறம்தான் அந்தப் பேட்டரி மிஷினை எடுத்தார். எடுத்து என்னிடம் தரவில்லை. ஜுபைதாவிடம் தந்தார். பிறந்த குழந்தையை வாங்குவது போல வாங்கினாள். ஒரு கையில் பிடித்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"கைக்கு லேசா இருக்குதுங்க. லேசா இருந்தா உழைக்குங்களா?"

"லேசா இருக்கறதெல்லாம் சீக்கிரம் போயிருமுங்கறது இல்லீங்க. இதுல பிரஷ் இல்லாத மோட்டாரு. தேயறதுக்கு ஒண்ணுமில்ல. பாருங்க, கியர் இரும்பு. செலதுல பிளாஸ்டிக்ல போட்டிருப்பாங்க, அது ஒரு மழைக்குத் தாங்காது. செயினுக்கு ஆயில் தானா எறங்கும், தொட்டி காலியாகாமப் பாத்துக்குங்க. செயினத் தொளதொளன்னு உடாதீங்க. மொனை மழுங்குனா அரம் போட்டுக்குங்க. ஸ்பேர் எல்லாம் நம்மகிட்டயே இருக்குது."

"கை தவறுச்சுனா?"

"முன்னாடி இந்தத் தடுப்பு இருக்குது பாருங்க. மிஷின் தூக்கி அடிச்சா கை இதுல பட்டுச் செயின் நின்னுக்கும். வாங்கறப்ப இது இருக்குதான்னு மொதல்ல பாக்கோணும்."

அவள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். நான் வாளைப் பார்த்தேன். என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் முடிந்துபோனது.

"வாளு ரொம்பச் சின்னதா இருக்குதே" என்றேன்.

"கெளைக்குத்தானுங்களே?" என்றாள் ஜுபைதா.

மருந்து வாங்க வந்தவர் இன்னும் போகவில்லை. அடிமரத்துக்கு என்று நான் எப்படிச் சொல்வேன்?

"கெளைக்குத்தான்" என்றேன்.

"அப்ப இது போதுமுங்களே. கத்தி பெரிசா சின்னதாங்கறதா முக்கியம்? புடிக்கற கை கட்டிங் மாஸ்டர் கை. சும்மாவா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் கையைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. நான் உருகிவிட்டேன். சின்ன வாளாக இருந்தால் என்ன, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று சுற்றிச் சுற்றி அறுத்தால் எந்த மரமும் விழத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடவே கண்ணுக்குப் போடும் கண்ணாடி ஒன்றையும் ஜுபைதா வாங்கினாள். அதை அவளே போட்டுப் பார்த்து வாங்கினாள். அதையும் நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் பொங்கலூரில் அவள் தங்கச்சி அப்ரோஸின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். ஜுபைதா முதல் நாளே கிளம்பினாள்.

"நாளைக்கு மூட்டை ஒண்ணும் வராதுங்க. டிரிம்மிங் இல்ல. நீங்களும் லீவ் போட்டிருக்கறீங்க, நல்லாத் தூங்குங்க. மிஷினத் தொட வேண்டாம். நான் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து அந்தக் கெளைய எடுத்துக்கலாம்."

"நான் ஏன் தொடறேன்?"

மறுநாள் காலையில் தொட்டேன்.

கம்பெனியில் கத்தி பிடிக்கும்போது போடுகிற இரும்புவலைக் கையுறையை மாட்டினேன். கண்ணாடி போட்டேன். காலுக்கு ஷூ. கார் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டேன். வீடியோவில் வந்த வெள்ளைக்காரன்தான், கொஞ்சம் கறுத்திருந்தான். அவள் திரும்பி வருகையில் மரம் விழுந்து கிடக்கும், காற்றில் தானாகச் சாய்ந்தது என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அறுபட்ட மரத்தைக் காட்டிக் காற்று அறுத்தது என்று எப்படிச் சொல்வேன் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த யோசனையையும் அறுத்துத் தள்ளினேன்.

மிஷின் அழகாக ஓடியது. வெண்ணெயில் இறங்குவது போல வாள் மரத்துக்குள் இறங்கியது. மரத்தூள் மாவாகக் கொட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாள் முழுக்க உள்ளே போன பிறகுதான் அந்தச் சத்தம் மாறியது. உறுமல் முனகலானது. முனகல் நின்றது.

மரம் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்த மரம். சாய்ந்த பக்கத்திலேயே நான் வாளை விட்டிருக்கிறேன். மரத்தின் கனமெல்லாம் இறங்கி, வெட்டுவாய் பொறுமையாக மூடிக்கொண்டது, வாளைக் கவ்விக்கொண்டு.

இழுத்தேன். வரவில்லை. காலை மரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். தொங்கினேன். பிஸ்மில்லா சொல்லி இழுத்தேன். இந்த வேலைக்கெல்லாம் பிஸ்மில்லா செல்லாது என்று தெரிந்தது. பேட்டரி விளக்கு சிவப்பாகச் சிமிட்டியது, பிறகு அதுவும் என்னைக் கைவிட்டது.

அந்த நேரத்தில் வாசல் கதவு திறந்தது. ரங்காத்தாள் அக்கா. பின்னால் மற்ற பெண்கள். தலையில் மூட்டைகள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சட்டென்று மரத்தில் சாய்ந்து நின்று, முதுகால் மிஷினை மறைத்துக்கொண்டேன்.

"என்னங்க பாய், காத்து வாங்கறீங்களா?"

"ஆமாங்க அக்கா. இன்னைக்கு டிரிம்மிங் இல்லைன்னு ஜுபைதா சொன்னாளே?"

"அப்படியுங்களா? எங்ககிட்ட வரச் சொன்னாளே. எதுக்குங்க கண்ணாடி?"

"தூசி."

"மூஞ்சியெல்லாம் மாவு. தூசிதான் போல. நீங்க நில்லுங்க பாய், நாங்க பாட்டுக்கு எங்க சோலியப் பாக்கறோம்."

பாய் விரித்தார்கள். மரத்தூளைச் சுரண்டி ஓரமாகத் தள்ளிவிட்டு விரித்தார்கள். அது என்ன தூள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காதவர்களிடம் என்ன சொல்வது? நான் நின்றேன். மிஷினின் பின்பாகம் இடுப்பில் குத்தியது. அசைந்தால் தெரிந்துவிடும். ரங்காத்தாள் அக்கா எழுந்து வந்தார், என் முழங்கைப் பக்கமாக எட்டிப் பார்த்தார், டிபன் பையை எடுத்து வந்து மிஷினின் கைப்பிடியில் மாட்டினார்.

"ஆணி அடிச்சு வெச்சிருக்கறீங்க. நல்லதாப் போச்சு."

போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குச் சபை எந்தக் கணவனைப் பற்றியும் பேசவில்லை. எதிரிலேயே ஒருவன் நின்றுகொண்டிருக்கும்போது பேச என்ன இருக்கிறது? கத்தரிகள் மட்டும் நறுக் நறுக்கென்று சத்தம் போட்டன. அதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால்.

"ஜுபைதா கண்ணு, கொழந்தைக்கு என்ன பேரு வெச்சீங்க? அல்ஃபியாவா, நல்லாருக்குது. எங்கேயா, மரத்தடியிலதான் இருக்கறோம். பாயும் இங்கதான் நிக்கறாரு. இந்தா பாரு."

போன் என் பக்கம் திரும்பியது. சின்னத் திரைக்குள் ஜுபைதாவின் முகம். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"ஏனுங்க, சாப்புட்டீங்களா?"

"ஆச்சு."

"சித்தெ நகருங்க. மரத்தப் பாக்கோணும்."

நான் நகர்ந்தேன். அடிமரத்திலிருந்து மிஷின் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் டிபன் பை தொங்கியது. மேலே ஒரு காக்கை கத்தியது. ஜுபைதா ஏதாவது சொல்வாள் என்று நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டினால் பதில் சொல்லலாம். அவள் பார்த்தது என்னை அல்ல, அந்த வெட்டை.

"வர்றேன்" என்றாள். போன் அணைந்தது.

அதற்குள் விஷயம் தெரிந்து கிட்டுசாமி அண்ணன் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். மரத்தை ஒரு சுற்று வந்தார். சாய்வைப் பார்த்தார். பிறகு என் காரைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், மரம் இந்தப் பக்கந்தானுங்களே உழுந்திருக்கும்?"

"ஆமாங்கண்ணா."

"காரை எடுத்து நிறுத்திட்டு அறுத்திருக்கலாமில்லீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். என் வெள்ளைக் கார், மரம் விழ வேண்டிய இடத்தில், வெயில் படாமல் சுகமாக நின்றுகொண்டிருந்தது. ஷெட் கட்டுவதற்காக மரத்தை அறுத்து, அந்த மரத்தைக் காரின் மேலேயே போடப் பார்த்திருக்கிறேன். பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மத்தியான பஸ்ஸில் ஜுபைதா வந்துவிட்டாள். கையில் இனிப்புப் பொட்டலம். அதை ரங்காத்தாள் அக்காவிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்கு வந்தாள். வெட்டுவாயில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஆப்பு வெச்சா வந்துருமுங்க" என்றாள்.

"எனக்கா?"

"மிஷினுக்குங்க."

கதவுக்கு அண்டை கொடுக்கிற மரத்துண்டை எடுத்து வந்து, வெட்டுவாயில் வைத்து, கிட்டுசாமி அண்ணன் கொண்டு வந்த சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினாள். வெட்டுவாய் கொஞ்சம் கொட்டாவி விட்டது. மிஷினை இழுத்தாள். வந்துவிட்டது. நான் பார்த்த வீடியோக்களையெல்லாம் அதே போனில் அவளும் பார்த்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. நான் மரம் விழுகிற வீடியோக்களைப் பார்த்தேன். அவள் மிஷின் மாட்டிக்கொண்டால் எடுக்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறாள்.

என் இழுப்பில் வாள் வளைந்திருந்தது. எனக்குச் சோறு போடுவதற்கு முன்பு பேட்டரியைச் சார்ஜில் போட்டாள். குழம்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, ஊற்றினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் வளைந்த வாளை மாற்றக் கடைக்கு என்னைத்தான் அனுப்பினாள். அருள்செல்வன் வாளை எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"நடுமரத்துல உட்டீங்களா?"

"இல்லீங்க. கெளைதான்."

"பெரிய கெளைங்க போல." புது வாளை எடுத்து மாட்டினார். "நடுமரத்துக்கு இது ஆகாதுன்னு அம்மாகிட்டத் தெளிவாச் சொன்னேனுங்களே."

"எப்பச் சொன்னீங்க? நானும் கூடத்தான இருந்தேன்?"

"நீங்க வந்தது ஞாயித்துக்கெழமைங்க. அவங்க முந்தின நாளே வந்துட்டாங்க, பக்கத்து ஊட்டு அக்காவக் கூட்டிட்டு. மரத்தோட சுத்தளவு இவ்வளவு, இதை அறுக்க முடியாத மிஷின் எதுன்னு கேட்டாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அறுக்க முடியற மிஷினக் கேட்டுத்தானுங்க எல்லாரும் வருவாங்க. கெளைக்கு மட்டும் ஆகோணும், லேசா இருக்கோணும், உழைக்கோணும், நடுமரத்துக்கு ஆகக் கூடாதுன்னாங்க. அப்பறந்தான் இதைக் காட்டுனேன்."

நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் இஞ்ச் டேப்பில் எடுத்த அளவு, ரங்காத்தாள் அக்காவின் மதிலைத் தாண்டி, ஜுபைதாவின் காதில் நுழைந்து, பஸ் ஏறித் திருப்பூர் வந்து, எனக்கு முன்பே கடையில் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் மிஷினோடு நான் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டபோது அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். நல்ல மனிதர், சிரிக்காமல் நின்றிருக்கிறார். வண்டியில் வரும் வழியெல்லாம் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருந்தது. திருப்பூரில் பாதிப் பேர் தெரிந்தவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கிக் குடுத்தியா?"

"ஆமாங்க."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா, நான் ஊட்டுல இல்லாதப்ப ஆளைக் கூட்டிட்டு வந்து வெட்டியிருப்பீங்க. ஆளு வந்து வெட்டுனா மரம் போயிருமுங்க. நீங்க வெட்டுனீங்கன்னா மரம் நிக்கும்னு தெரியும்."

என் திறமையின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"ஒரு ஓரத்துல பல்லுப் படும், அவ்வளவுதான்னு நெனைச்சேன்" என்றாள். "இத்தனை ஆழம் போவீங்கன்னு நெனைக்கல. அது என் தப்புதான்." என் கையிலிருந்த மிஷினை வாங்கிக்கொண்டாள். "வண்டிக்கு எடம் வேணும்னு கேட்டிருக்கலாமுங்க. கார் வாங்குன அன்னைக்கே கிட்டுசாமி அண்ணன்கிட்ட கேட்டு வெச்சுட்டேன். அவங்க குடோன் சைடுல நிறுத்திக்கலாம்னு சொல்லிட்டாரு. நீங்க கேப்பீங்க, சொல்லலாம்னு பாத்துட்டே இருந்தேன்."

நான் செருப்பைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். வெறுங்காலாக இருந்தது.

அன்று சாயங்காலம் செம்மண்ணும் சாணியும் குழைத்து மரத்தின் காயத்தில் நானே அப்பினேன். கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி ஒரு பை கொண்டு வந்திருந்தேன், நான் வெட்டிய மிச்சம்தான். அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். சபை பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டுங்க பாய்" என்றார் ரங்காத்தாள் அக்கா. இறக்கிக் கட்டினேன். கட்டி முடித்ததும் மரம் நீல பனியன் போட்ட மாதிரி நின்றது. மரத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

தகரத்தில் உரசின கிளையை ஜுபைதாதான் எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, தரையில் காலை அகட்டி நின்று, கிளையின் அடியில் முதலில் கொஞ்சம், பிறகு மேலிருந்து. எடை கம்மியான மிஷின், அவள் கையில் கத்தரி மாதிரி இருந்தது. கிளை எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் விழுந்தது. தகரத்தில் ஒரு கீறல் இல்லை. தெரு கைதட்டியது. நான் கிளையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததால் கைதட்ட முடியவில்லை.

அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் முருங்கை முறிந்து தொங்கியது, ஒரு வீட்டில் கொய்யா ஜன்னலை அடைத்தது. போன வாரம் ரங்காத்தாள் அக்காவின் சொந்தக்காரர் வீட்டுக்கு அவிநாசிபாளையம் போனோம். சீனியம்மாள் என்று ஒரு பெரியம்மா. தண்ணீர்த் தொட்டிமேல் வேப்பங்கிளை கவிழ்ந்திருந்தது. கார் என்னுடையது, ஓட்டியதும் நான்தான். மிஷின் பின் சீட்டில் பெல்ட் போட்டு வந்தது.

வேலை பாதியில் சீனியம்மாள் டீ கொண்டு வந்தார். தட்டில் ஒரே ஒரு டம்ளர். ஜுபைதாவிடம் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு யாரு கண்ணு?"

நான் கயிற்றை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு சட்டையை இழுத்துச் சரிசெய்தேன். ஜுபைதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"கயிறு புடிக்கறவருங்க. இப்பத்தான் பழகறாரு."